நடை தளர்வதும் நினைவு தளர்வதும்

முதுமையின் தேய்வைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு தனிக் கணக்குகளாகவே வைத்திருக்கின்றன. கால் தளர்ந்தால் மூட்டுத் தேய்மானம் என்று எலும்பு மருத்துவரிடம் போகிறார்கள். தெரிந்தவர் பெயர் மறந்தால், அடுப்பில் வைத்த பால் மறந்தால், வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எந்த மருத்துவரிடமும் போவதில்லை. மருத்துவமனைகளின் அமைப்பும் இந்தப் பிரிவினைக்குத் துணைபோகிறது: முழங்காலைப் பார்ப்பவர் நினைவைப் பற்றிக் கேட்பதில்லை, நினைவைச் சோதிப்பவர் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வதில்லை. ஆனால், உடல் வலுவின் இழப்பும் அறிதிறனின் இழப்பும் பெரும்பாலும் சேர்ந்தே நடப்பவை என்பதையும், பலருக்கு நடையில் தோன்றும் மாற்றம் மறதிக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதையும் முதுமை மருத்துவத்தில் கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரண்டிருக்கும் சான்றுகள் காட்டுகின்றன. இங்கே அறிதிறன் என்பது நினைவாற்றலை மட்டும் குறிப்பதன்று. கவனம், திட்டமிடல், சொல்லைத் தேடி எடுத்தல், இடமறிதல், முடிவெடுத்தல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

நடப்பது கால்களின் வேலை மட்டுமே என்று தோன்றுவதற்குக் காரணம், நலமாக உள்ளவர் எவரும் நடக்கும்போது நடையைப் பற்றி நினைப்பதில்லை என்பதே. எங்கே போவது, எப்போது திரும்புவது, வாசலில் கிடக்கும் செருப்பைத் தாண்டுவதா சுற்றிப் போவதா என்பதை மூளையின் முன்மடல் தீர்மானிக்க, மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் எனப்படும் நரம்புத் திரள்கள் அடிகளைத் தொடங்கிவைக்க, சிறுமூளை சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்க, கண்ணும் உட்செவியும் பாதத்தின் உணர்நரம்புகளும் நொடிக்கு நொடி செய்தி அனுப்ப, இவை அத்தனையும் கூடித்தான் ஓர் அடி எடுத்து வைக்கப்படுகிறது. இளமையில் இந்த வேலை ஏறத்தாழத் தானாகவே நடந்துவிடுகிறது. வயது ஏற ஏற, பார்வை மங்கி, பாதத்தின் உணர்வு குறைந்து, தசை மெலிந்துபோகும்போது, முன்பு தானாக நடந்ததை இப்போது கவனம் செலுத்திச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கவனமே குறைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நடை எந்த அளவு கடினமாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை மிக எளிய முறையில் வெளிக்கொணர்ந்தது 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு ஆய்வு. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் லில்லிமோர் லுண்டின்-ஓல்சனும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 58 பேருடன் நடந்தபடியே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். 12 பேர் மட்டும் பேசத் தொடங்கியதும் நின்றுவிட்டார்கள். அடுத்த 6 மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். எந்தக் கருவியும் செலவும் இல்லாத ஒரு கவனிப்பு இவ்வளவு சொல்லக்கூடும் என்பதால், முதுமை மருத்துவம் பயில்பவர்களுக்கு இன்றும் இந்த ஆய்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. தெருவில் தாத்தா ஒருவர் எதிரில் வருபவருக்குப் பதில் சொல்வதற்காக ஒவ்வொரு முறையும் நின்றுகொள்வதை மரியாதை என்றோ மூச்சிரைப்பு என்றோ சுற்றியிருப்பவர்கள் எண்ணக்கூடும். சில வேளைகளில் அதுவே உண்மையாகவும் இருக்கலாம். நடையையும் பேச்சையும் ஒரே நேரத்தில் தாங்க மூளையால் முடியாதிருப்பதும் ஒரு காரணமாகலாம் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இத்தகைய கவனிப்பை அளவீடாக மாற்றித் தருபவை நடைச் சோதனைகள். தரையில் 4 மீட்டர் தொலைவுக்கு இரு கோடுகள் ஒட்டப்படுகின்றன. முதியவர் தம் வழக்கமான வேகத்தில் நடக்க, நொடிமானியில் நேரம் பார்க்கப்படுகிறது. அந்தத் தொலைவைக் கடக்க 5 நொடிகளுக்கு மேல் ஆகுமானால் நடைவேகம் நொடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைவு. ஐரோப்பிய நாடுகளின் தசை நலிவு வழிகாட்டுதல்கள் இதைக் கவலைக்குரிய எல்லையாகக் கொள்கின்றன. ஆசிய நாடுகளுக்கான வல்லுநர் குழுவோ 2019இல் அந்த எல்லையை நொடிக்கு 1 மீட்டர் என்று உயர்த்தியது. ஸ்டெபானி ஸ்டுடென்ஸ்கி தலைமையில் 34,485 முதியவர்களின் தரவுகளைத் திரட்டி 2011இல் வெளியான ஆய்வு, நடைவேகத்துக்கும் எஞ்சிய ஆயுளுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியபின், இரத்த அழுத்தத்தைப் போல நடைவேகத்தையும் ஒவ்வொரு வருகையிலும் குறித்துவைக்க வேண்டும் என்று பல முதுமை மருத்துவர்கள் வாதிடத் தொடங்கினார்கள்.

அடுத்த படியில் அதே நடை மீண்டும் கோரப்படுகிறது. ஆனால், இம்முறை நடந்துகொண்டே 100இலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்ல வேண்டும், அல்லது நினைவுக்கு வரும் விலங்குகளின் பெயர்களை அடுக்க வேண்டும். இதற்கு இரட்டைப் பணிச் சோதனை என்று பெயர். அருகிலிருந்து பார்ப்பவருக்கு மாற்றம் உடனே தெரிகிறது: 93 வரை சீராக வந்த கால், 86ஐத் தேடும்போது தயங்குகிறது, அடியின் நீளம் குறைகிறது, இரு பாதங்களுக்கும் இடையிலான அகலம் கூடுகிறது, கை வீச்சு நின்றுபோகிறது, கண் தரையைத் தேடுகிறது, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரே சுழற்சியில் திரும்பாமல் சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைத்துத் திரும்புகிறார். கனடாவில் மானுவெல் மொன்டேரோ-ஒடாஸோ குழுவினர், லேசான அறிதிறன் குறைபாடு உள்ள முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரட்டைப் பணியின்போது வேகம் பெரிதும் குறைந்தவர்களே பின்னாளில் டிமென்ஷியாவை நோக்கி அதிகமாக நகர்ந்தார்கள். டிமென்ஷியா என்பது அன்றாட வாழ்வைத் தாமாக நடத்த இயலாத அளவுக்கு அறிதிறன் குலைந்த நிலை. அல்சைமர் நோய் அதன் வகைகளில் மிகப் பரவலானது.

இந்தத் தேடலில் தென்னிந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் ஜோ வர்கீஸ் 2013இல் ஒரு புதிய இடர்நிலையை வரையறுத்தார். தம் நினைவு முன்போல் இல்லை என்று முதியவர் தாமே உணர்வது, வயதுக்கும் பாலுக்கும் உரிய சராசரியைவிட நடை கணிசமாக மெதுவாக இருப்பது, இவை இரண்டும் சேர்ந்து, டிமென்ஷியாவோ நடமாட முடியாத முடக்கமோ இன்னும் வராதிருந்தால் அதுவே இயக்க-அறிதிறன் இடர்நிலை. மறு ஆண்டே 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 முதியவர்களின் தரவுகளில் இது தேடப்பட்டது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நிலை இருந்ததும், பின்தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழுக்களில் இந்நிலை உள்ளவர்களுக்கு அறிதிறன் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்காக இருந்ததும் தெரியவந்தது. கோழிக்கோட்டில் நடைபெற்றுவரும் கேரள-ஐன்ஸ்டைன் ஆய்வு இதே நிலையைத் தென்னிந்திய முதியவர்களிடம் ஆராய்கிறது. இம்முறையின் பெரும் பயன் அதன் எளிமையில் இருக்கிறது. நினைவுச் சோதனைகள் பலவும் எழுத்தறிவையும் பள்ளிப் பழக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. கடிகாரம் வரையச் சொன்னால், பென்சிலையே பிடித்திராத ஒரு பாட்டி தடுமாறுவது நோயாலா பழக்கமின்மையாலா என்று பிரித்தறிவது கடினம். நடக்கச் சொல்வதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பள்ளிக்கூடம் போகாமலே முதுமை எய்திய பெண்கள் இலட்சக்கணக்கில் வாழும் ஒரு நாட்டுக்கு இது சிறிய வசதி அன்று.

நடை மட்டுமே உடலின் முழுக் கதையும் அன்று. லிண்டா ஃபிரைட் குழுவினர் 2001இல், 65 வயதைக் கடந்த 5,317 அமெரிக்கர்களின் தரவுகளைக் கொண்டு உடல் நொய்மை என்ற நிலையை ஐந்து அடையாளங்களால் வரையறுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது, ஓயாத அயர்வு, கைப்பிடியின் வலு குன்றுவது, நடை மெதுவாவது, உடலுழைப்பு சுருங்குவது. இவற்றில் மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் நொய்ந்த நிலையில் உள்ளார். ஒரு சளிக் காய்ச்சலோ சிறு அறுவை சிகிச்சையோ அவரைச் சாய்த்துவிடக்கூடும் என்பதே அதன் பொருள். இந்நொய்மையும் லேசான அறிதிறன் குறைவும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதை 2013இல் பிரான்சின் துலூஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் அறிதிறன் நொய்மை என்று தனி நிலையாகக் குறித்தார்கள். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்று, இறந்தபின் மூளையை ஆய்வுக்கு அளித்தவர்களிடம் கண்டது இன்னும் ஆழமானது: உயிருடன் இருந்தபோது உடல் நொய்ந்திருந்தவர்களின் மூளையில் அல்சைமர் நோயின் தடயங்கள் கூடுதலாக இருந்தன, அவர்களுக்கு டிமென்ஷியா இருந்தபோதும் இல்லாதபோதும். வெளியே மெலிந்த உடலாகத் தெரிந்ததன் ஒரு பகுதி, உள்ளே தொடங்கிவிட்ட மூளை நோயாக இருந்திருக்கிறது.

இவ்விரு தேய்வுகளும் ஏன் இணைந்து வருகின்றன என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. மிகத் தெளிவாக அறியப்பட்ட பாதை இரத்தக் குழாய்களின் வழியே செல்கிறது. பல்லாண்டுகள் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் மூளையின் ஆழத்திலுள்ள மயிரிழை போன்ற குழாய்களைத் தடிக்கச் செய்ய, மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருள் இழைகள் போதிய குருதி கிடைக்காமல் சிதைகின்றன, எம்.ஆர்.ஐ. படத்தில் இவை வெண்திட்டுகளாகத் தெரியும். முன்மடலைக் கால்களின் இயக்கத்தோடு இணைக்கும் இழைகளும், கவனத்தையும் திட்டமிடலையும் தாங்கும் இழைகளும் அருகருகே ஓடுவதால், ஒரே சிதைவு நடையையும் சிந்தனையையும் ஒருசேர மெதுவாக்குகிறது. பக்கவாதம் என்று சொல்லும்படி எதுவும் நேராமலே இது நிகழ்ந்துவிடுவதால்தான் குடும்பத்தினர் இதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தசையின் பக்கமிருந்தும் ஒரு பாதை உண்டு: உழைக்கும் தசை, மூளை நரம்பணுக்களுக்கு ஊட்டமளிக்கும் வேதிப்பொருள்களைத் தூண்டுகிறது, குருதியிலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது, தசை கரையும்போது அவ்விரு உதவிகளும் குறைந்து, உடலெங்கும் மெல்லிய அழற்சி நீடிக்கிறது. மனச்சோர்வு, செவித்திறன் குறைவு, தனிமை ஆகியவையும் இரு தேய்வுகளுக்கும் பொதுவானவை. காது கேளாதவர் கூட்டத்தைத் தவிர்க்கிறார், வெளியே போவதைக் குறைக்கிறார், அதனால் காலும் பேச்சும் ஒருசேரச் சுருங்குகின்றன.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு டிமென்ஷியா குறைவு என்று நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தியில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. பிரிட்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 28 ஆண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு, டிமென்ஷியா கண்டறியப்படுவதற்கு 9 ஆண்டுகள் முன்பிருந்தே அந்நோயாளிகளின் உடலுழைப்பு குறையத் தொடங்கியதைக் காட்டியது. நடக்காததால் நோய் வந்தது என்பதற்குப் பதிலாக, வந்துகொண்டிருந்த நோயே நடையைக் குறைத்தது என்றும் அதைப் படிக்கலாம். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடத்தப்பட்ட 'லைஃப்' ஆய்வில், முறையான நடைப்பயிற்சி நடமாட்ட முடக்கத்தைக் குறைத்தது. ஆனால், இரண்டாண்டு முடிவில் அறிதிறனில் பயிற்சிக் குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் வேறுபாடு இல்லை. எனினும், அதே ஆய்வில் 80 வயதைத் தாண்டியவர்களிடமும், தொடக்கத்திலேயே உடல் தளர்ந்திருந்தவர்களிடமும் திட்டமிடல், கவனம் சார்ந்த திறன்களில் முன்னேற்றம் தெரிந்தது. பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம், உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒன்றாகச் செய்த 'ஃபிங்கர்' ஆய்வு 2015இல் அளவான, ஆனால் தெளிவான பலனைக் காட்டியது. இவற்றிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: நடைப்பயிற்சி மறதிக்கு மருந்தன்று, ஆயினும் உடலையும் மூளையையும் சேர்த்துப் பேணும் முயற்சிக்குப் பலன் உண்டு, அது தளர்ந்தவர்களுக்கும் எட்டுகிறது.

இணைந்து வரும் இத்தேய்வுகளில் சிலவற்றைத் திருப்பிவிட முடியும் என்பதே, குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றுள் தலையாயது. கொலம்பியா நாட்டு மூளை அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீம், அமெரிக்க நரம்பியலாளர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோர் 1965இல் விவரித்த ஒரு நோயில், மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி அவை விரிகின்றன. ஆனால், முதுகுத் தண்டில் ஊசியிட்டு அளந்தால் நீரின் அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. இந்நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முதலில் கெடுவது நடை. பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் மேலே எழும்பாமல் இழுபடுகின்றன. முதல் அடி எடுக்கத் தயக்கம், திரும்பும்போது தடுமாற்றம். அதன் பின்னரோ உடன்வந்தோ சிறுநீரை அடக்க முடியாமை, எதற்கும் ஆர்வமின்றி மெதுவாகிப்போன சிந்தனை. மூன்றும் சேர்ந்த ஒருவரை அல்சைமர் என்றோ பார்கின்சன் என்றோ வயது என்றோ ஒதுக்கிவிடுவது மிக எளிது. சோதனை முறையோ கண்கூடானது: முதுகுத் தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீர் எடுக்கப்படுகிறது, எடுப்பதற்கு முன்னும் பின்னும் அதே தொலைவை நடக்கவைத்து நேரம் பார்க்கிறார்கள். நடை தேறினால், மூளையின் உள்ளறையிலிருந்து வயிற்றுக்கு நீரை வடிக்கும் நுண்குழாயைப் பொருத்துவது பலன் தரும் என்ற நம்பிக்கை கூடுகிறது. காலம் கடத்தாமல் செய்தால், பலரிடம் நடை கணிசமாக மீள்கிறது. நினைவு அந்த அளவுக்கு மீள்வதில்லை என்பதால்தான் நடை மாறிய உடனே வருவது இன்றியமையாததாகிறது.

வைட்டமின் பி12 குறைபாடும் இவ்வகையே. அது தண்டுவடத்தையும் பாத நரம்புகளையும் மூளையையும் ஒருங்கே தாக்குவதால், கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவதும் சொன்னதையே திரும்பச் சொல்வதும் ஒரே குறைபாட்டின் இரு முகங்களாக இருக்கலாம். நெடுங்காலம் மெட்ஃபார்மின் மாத்திரை உண்ணும் சர்க்கரை நோயாளிகளுக்கும், பாலும் முட்டையும் இறைச்சியும் போதிய அளவில் சேராத உணவினருக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். கீழே விழுந்து தலையில் லேசாக அடிபட்ட முதியவருக்கு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசியும் குருதி, சில வாரங்கள் கழித்துத் தள்ளாட்டமாகவும் குழப்பமாகவும் வெளிப்படலாம். அதற்குள் அந்தச் சிறு வீழ்ச்சியை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள், சிறுநீர் அடங்காமைக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை காலையும் கருத்தையும் சேர்த்தே மழுங்கச் செய்யக்கூடும்.

படுக்கை செய்யும் கேட்டைக் குறைத்து மதிப்பிடுபவர்களே மிகுதி. நலமாக இருந்த முதியவர்களை 10 நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அப்பத்து நாட்களில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயுற்ற முதியவர் மருத்துவமனையில் கிடக்கும்போது இதனோடு காய்ச்சலும் தூக்கமின்மையும் பழகாத இடமும் கண்ணாடியும் காதுக்கருவியும் கையில் இல்லாத நிலையும் சேர, டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பம் தோன்றுகிறது: இரவில் ஊருக்குப் புறப்பட வேண்டும் என்கிறார், பெற்ற மகளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். பலருக்கு அது தணிந்தாலும், அதன் பின்னான ஆண்டுகளில் அறிதிறன் தேய்வு வேகமெடுப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இடுப்பு எலும்பு முறிந்த முதியவரை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுப்பி நிற்கவைக்க இயன்மருத்துவர் முயல்வதைக் கண்டு உறவினர்கள் பதறுவதும், பாவம் தூங்கட்டும் விடுங்கள் என்று தடுப்பதும் பரிவினால்தான். அந்தப் பரிவுக்குக் கொடுக்கும் விலை பெரியது.

வீட்டிலும் இதே பரிவு இன்னும் மெதுவாக வேலை செய்கிறது. நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்குறோம் என்ற ஒரு சொல்லில் கடைக்குப் போவது நின்றுபோகிறது, கோயில் சுற்றுவது நின்றுபோகிறது, வாசலில் கோலமிடுவது நின்றுபோகிறது. சந்தைக்குச் செல்லும் ஒருவர் நடக்கிறார், வண்டிக்கு விலகுகிறார், கத்தரிக்காயைப் பொறுக்குகிறார், மீதிச் சில்லறையைக் கணக்கிடுகிறார், எதிரில் வருபவரை நலம் கேட்கிறார். ஆய்வகத்தில் இரட்டைப் பணி என்று அமைத்துக்கொடுப்பது இங்கே இயல்பாகவே நிகழ்கிறது. குனிந்து எழுந்து, புள்ளிகளை எண்ணி, இழையை மனத்தில் வரைந்தபடி இடும் கோலமும் அப்படியே. ஜோ வர்கீஸ் 2003இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், உடலை ஈடுபடுத்தும் பொழுதுபோக்குகளுள் டிமென்ஷியா குறைவோடு தொடர்பு காட்டியது நடனம் ஒன்றுதான் என்பதும், நடனத்தில் உடலும் கவனமும் நினைவும் ஒன்றாகவே இயங்குகின்றன என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கவை. விழுந்துவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை கைப்பிடிக் கம்பி, நல்ல வெளிச்சம், வழுக்காத தரை, பொருந்தும் செருப்பு, துணைக்கு ஒருவர் ஆகியவையே. நாற்காலியில் உட்காரவைத்துவிடுவது அன்று.

தமிழ்நாட்டுக்கு இவை அயலான செய்திகள் அல்ல. இந்தியாவில் முதியோருக்கென முதல் புறநோயாளிப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், வ.செ. நடராஜனின் முயற்சியால் தொடங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி மாநில மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள்; நாட்டளவில் 60 கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன, இயன்மருத்துவமும் வீட்டிலேயே கிடைக்கிறது. அந்த வருகையின்போது 4 மீட்டர் நடையையும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரத்தையும் குறித்துவைப்பதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும்; நாற்காலிச் சோதனையை 14 நொடிகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற எளிய அளவை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே தந்திருக்கிறது.

அரசு அதைச் செய்யும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, கால் பற்றிய குறையையும் நினைவு பற்றிய குறையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். எது முதலில் வந்தது, எத்தனை மாதங்களாக இருக்கிறது, கடந்த ஓராண்டில் விழுந்தார்களா, சிறுநீர் அடங்குகிறதா என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் மாத்திரைகள் அத்தனையையும் அட்டையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், அவர் கண்ணெதிரே ஒருமுறை அவர்களை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.